மாமனார் ஏறி நின்று பார்த்த சுவிட்சுகள்

பர்வதவர்த்தினி ஒரு பக்கம் தட்டச்சு செய்து முடித்தால் அவளுடைய மாமனார் அரை அடி குறைவார். வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. வேட்டியும் சட்டையும் அவரோடு சேர்ந்தே குறைந்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அவள் மோட்டார் பம்புக் கையேடுகளைத் தமிழாக்கம் செய்பவள். இப்போதைய கையேடு பதினோரு பக்கம். பத்துப் பக்கம் முடிந்திருந்தது. ஐந்தரை அடி இருந்த மாமனார் அரை அடிக்கு வந்து, செய்தித்தாளின் மேல் வரிவரியாக நடந்து படித்துக்கொண்டிருந்தார். பதினோராவது பக்கத்தையும் தட்டினால் அவர் எவ்வளவு மிஞ்சுவார் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றுதான் மருமகளிடம் சொன்னார்.

கோளாறு விசைப்பலகையின் விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சில் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய அத்தையும் முன்பொருமுறை இப்படிக் குறைந்தவர். பர்வதவர்த்தினி மறுநாள் காலையே மாமனாரை ஒயர் கூடையில் உட்கார வைத்து, விசைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவிட்சு மாற்று அலுவலகத்துக்குப் போனாள்.

அந்த அலுவலகத்தின் நடைவழி, செருப்புச் சத்தம் கேட்டால் நீளும். பூட்ஸ் அணிந்த ஒருவர் முக்கால் மணி நேரமாக ஒரே தூணைக் கடந்துகொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். நான்கே எட்டில் கவுண்டர் வந்துவிட்டது.

கவுண்டரில் ஜெபமணி என்ற அம்மாள் இருந்தார். படிவத்தை எடுத்தார். பாதிக்கப்பட்டவரின் பெயரைக் கேட்டார்.

 கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் மாமனாரின் பெயர் பர்வதவர்த்தினியின் வாயில் வந்ததில்லை.

"மாமா" என்றாள்.

ஜெபமணி அப்படியே எழுதி முத்திரை குத்தினார். குத்திய மறுகணம் இருக்கையை விட்டு எழுந்து சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். பின்வரிசை எழுத்தர்களும் எழுந்துவிட்டார்கள். பதிவேட்டின்படி கூடையில் இருந்தவர் இப்போது அனைவருக்கும் மாமா. யாரோ பேனா மூடியில் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

மரியாதை கிடைத்தது, காரியம் நடக்கவில்லை. சுவிட்சைச் சோதிப்பது அலுவலரின் வேலை. தட்டினால் குறையக்கூடியவர் மாமாவாக இருக்கும்போது எப்படித் தட்டுவது என்று ஒருவரும் விரலை நீட்டவில்லை.

"பேரைத் திருத்தினா நாங்க தட்டலாமே" என்றார் ஜெபமணி. "மனுதாரரே தட்டித் திருத்தணும். வாயால சொல்லத்தானே கூடாது?"

"ஆமா. தட்டலாம்."

"எத்தனை தட்டு வரும்?"

பர்வதவர்த்தினி விரல்விட்டு எண்ணினாள். பதினொன்று.

அரசாங்கப் படிவத்தில் ஒரு தட்டு ஒரு பக்கத்துக்குச் சமம் என்று ஜெபமணி தணிந்த குரலில் விளக்கினார். சுவிட்சு தவறாக அமைந்தால் முதல் தட்டிலேயே மாமா தீர்ந்துபோவார். சரியாக அமைந்தால் தட்டுக்கு அரை அடி திரும்பி வரும். அதன் பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாதிரிப் பலகை வந்தது. எழுபத்திரண்டு சுவிட்சுகள், எழுபத்திரண்டு நிறங்கள்.  எதைத் தொடுவது என்று பர்வதவர்த்தினிக்குத் தெரியவில்லை. அப்போது கூடைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது.

"என்னை இறக்கி விடும்மா. நானே நின்னு பாக்கேன்."

ஏறி நிற்பது தட்டுவதாகாது, எடையாகும் என்று விதி இருந்தது. மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனை பார்க்க வந்தவரைப் போலப் பலகையின் மேல் நடந்தார்.

நீலத்தின் மேல் நின்றார். அது 'டக்' என்று கத்தியது. மாமனார் விரற்கடை அளவு குறுகினார்.

"இது அதட்டுது. நம்ம வீட்ல இருக்கதும் இதான்."

விலகியதும் பழைய அளவுக்கு வந்து, சிவப்புக்கு மாறினார். அது சத்தமில்லாமல் அமிழ்ந்தது. மாமனார் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பர்வதவர்த்தினி பதறி அவரைத் தூக்கிக் கீழே வைத்ததும் பாதி வாக்கியத்திலிருந்து குரல் தொடர்ந்தது. கிணற்றுக்குள் பேசுவதைப் போல இருக்கிறது, எதிரில் ஆளே இல்லை என்றார்.

அடுத்து பழுப்பு. அது பாதி வழியில் லேசாகத் தடுக்கி, பிறகு இறங்கியது. இறங்கும்போது "ம்" என்றது.

 மாமனார் அந்தச் சுவிட்சைக் குனிந்து பார்த்து, நேற்றுப் பால்காரன் தண்ணீர் கலந்ததைப் பற்றி ஏதோ சொன்னார். "ம்" என்றது. முட்டிவலியைச் சொன்னார். அதற்கும் "ம்" என்றது. கதை கேட்பவர்கள் தூங்கிவிடவில்லை என்பதைக் காட்டச் சொல்லும் அதே "ம்".

"இதப் போடும்மா" என்றார். மீதி அறுபத்தொன்பதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விசைப்பலகை முழுவதும் பழுப்பு மாட்டப்பட்டது. பர்வதவர்த்தினி கண்ணை மூடி முதல் எழுத்தைத் தட்டினாள். அப்படியே இருந்தாள். திறக்கத் தைரியம் வரவில்லை.

"ஒரு அடி" என்றார் ஜெபமணி, அளவு நாடாவைப் பிடித்தபடி.

அவள் மூச்சு விட்டாள். ஒன்றரை. இரண்டு. மூன்றடியில் மாமனார் மேசையை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தாவது தட்டில் ஐந்தரை அடி வந்துவிட்டது. நரை, மூக்குக்கண்ணாடி, இடது காதில் மச்சம், எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. பர்வதவர்த்தினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு தட்டு மீதி இருந்தது. முழுப் பெயர் இல்லாமல் திருத்தம் செல்லாது. தட்டினால் ஆறடி.

"நம்ம வீட்டு வாசல்நிலை அஞ்சேமுக்கால் அடிதான் மாமா. தலை இடிக்குமே."

மாமனார் தலைக்கு மேல் உள்ளங்கையை நிறுத்தி அளந்து பார்த்தார். வாலிபத்தில் போலீஸ் தேர்வுக்குப் போனதையும், உயரம் அரை அங்குலம் பற்றாதென்று தன்னை வரிசையிலிருந்து விலக்கியதையும் சொன்னார். மாமியாரிடம்கூடச் சொல்லாததாம்.

"குனிஞ்சு போய்க்கிடுதேன். நீ தட்டு."

தட்டினாள். "ம்" என்றது.

ஜெபமணி திருத்திய பெயரை உரக்க வாசித்துவிட்டு உட்கார்ந்தார். எழுத்தர்களும் உட்கார்ந்தார்கள். பர்வதவர்த்தினி காலிக் கூடையை வீசியபடி முன்னே நடந்தாள்.

அலுவலக வாசல் எட்டடி உயரம். மாமனார் குனிந்துதான் வெளியே வந்தார்.