வாங்காத சாட்சி

"வர்ற ஞாயித்துக்கெழமையும் நான் பாய்லயே ஒக்காரணுமா? சொல்லு!"

சேட்டு கத்திய கத்தலில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. மரத்தடியில் அவன் மனைவி செவ்வந்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். திருப்பத்தூர் வியாபாரியின் ஜீப் எந்த நேரமும் மலையேறி வரலாம். மரத்தை மூன்று வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தில் வாஷிங் மிஷின் வாங்குவது சேட்டுவின் திட்டம். மகள் சரிதாவின் நர்சிங் படிப்புக்கு வருஷா வருஷம் ஃபீஸ் கட்டியது இந்த மரம்தான். இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி.

சேட்டுவை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர்கள் போகிற சபையில் ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம். முன்பெல்லாம் பாம்பு கடித்துப் பிழைத்தவர்களும் குடியை விட்டவர்களும் எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொல்வார்கள். இப்போது பைக், டிவி, ஃபிரிட்ஜ். கர்த்தர் கொடுத்தார் என்று கம்பெனி பேரோடு சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு முன்னால் நாற்காலி, மற்றவர்களுக்குப் பின்னால் பாய். இப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் காந்தா ஃபிரிட்ஜ் வாங்கிய வாரமே நாற்காலிக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் செவ்வந்தியும் ஆசையாக எழுந்தாள். "எங்க வூட்ல இந்த வருசம் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரல" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பாஸ்டர் கலையரசன் சிரித்த முகத்தோடு, "பெருசா ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். சபையே சிரித்தது. அன்றிலிருந்து சேட்டுவுக்குத் தூக்கமில்லை.

"கொழாய்ல ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி வருது. மிஷினுக்கு யாரு கொடம் சுமக்கிறது, நீயா?" என்றாள் மரத்தடியில் நின்ற செவ்வந்தி.

"தண்ணி அப்புறம் வரும். மொதல்ல சாட்சி வரட்டும்!"

செவ்வந்திக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஜீப் வந்து நின்றது. வியாபாரி இறங்கி மரத்தை அண்ணாந்து பார்த்தார். செவ்வந்தி முன்னே போய் நின்றாள்.

"அண்ணா, இது எங்கம்மா எனக்குக் குடுத்த மரம். குத்தகைக்கு இல்லீங்க. டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

வியாபாரி சேட்டுவைப் பார்த்தார். சேட்டு தரையைப் பார்த்தான். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் மலையிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தான். சாட்சி நேரம் வந்ததும் செவ்வந்தி நேராக முன்னால் போய் மைக்கை எடுத்தாள். பாஸ்டர் பூரித்துப்போனார்.

"ஸ்தோத்திரம்! என்ன வாங்கினீங்க சிஸ்டர்?"

"ஒண்ணும் வாங்கல ஐயா. வாங்க இருந்தோம், ஆண்டவரு தடுத்துட்டாரு. எம்மரம் எங்கிட்டயே கீது, எம்பொண்ணு படிப்பு நிக்கல. எந்தக் கடைலயும் கெடைக்காத சந்தோசம் இன்னிக்கு எனக்குக் கீது. அதான் என் சாட்சி."

பாய்ப் பக்கத்திலிருந்து எழுந்த அல்லேலூயாவில் தகரக் கூரை அதிர்ந்தது. அதுவரை வாயைத் திறக்க வழியில்லாமல் இருந்தவர்கள் அல்லவா! நாற்காலியிலிருந்து காந்தா மெல்ல எழுந்தாள்.

"எனக்கும் ஒரு சாட்சி கீது. எங்க ஃபிரிட்ஜு ஓடி நாலு மாசம் ஆச்சு. கரண்டு பத்தல. உள்ள துணி மடிச்சி வெச்சிருக்கறேன்."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். பிறகு நாற்காலி, பாய் என்ற பேதமில்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாஸ்டரும் சிரித்தார். மனுஷர் நல்லவர்தான். உருகிப்போய் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"அருமையான சாட்சி! எவ்வளவு விசுவாசம்! இந்த சிஸ்டருக்குக் கர்த்தர் சீக்கிரமே ஒரு வாஷிங் மிஷின் கொடுக்கணும்னு எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போமா?"

சபை கண்ணை மூடியது. மைக் இன்னும் செவ்வந்தி கையில்தான் இருந்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு அதை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆண்டவரே, இந்த ஒரு ஜெபத்த மட்டும் கேக்காம உட்டுடுங்க."

"ஆமென்" என்றது பாய் முழுவதும். அதில் சேட்டுவின் குரலும் இருந்தது. எந்த ஜெபத்துக்குச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.