கோர்ட் கலையும் வரை

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பரிமளா முடிவு பண்ணிவிட்டாள். இன்றைக்கு ஒத்துக்கொண்டுவிட வேண்டியதுதான். வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு வந்து வந்து அலுத்துப்போயிருந்தது. வாய்தா நாளென்றால் புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் அவள் இடத்தில் வேறு யாராவது கூடையை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் வாடிக்கைக்காரர்கள் நெத்திலியைக் கிளறிக்கொண்டே, "இன்னாம்மா, நேத்து கோர்ட்டா?" என்கிறார்கள்.

கூட வந்த மஹீரா அதே தெருக்காரி, வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். இரண்டு பேர் மேலும் ஒரே கேஸ்தான். அரசு அலுவலகத்துக்குள் அத்துமீறி நுழைந்தார்கள், ரகளை செய்தார்கள், ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தார்கள்.

ரிசார்ட்டுக் குப்பையையெல்லாம் லாரியில் கொண்டுவந்து இவர்கள் ஊரான கோரைக்குப்பத்துச் சவுக்குத் தோப்பில் கொட்டிக் கொளுத்திக்கொண்டிருந்த சமயம் அது. புகை தெருவுக்குள் இறங்கி, மஹீராவின் சின்னப் பையன் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். பெண்கள் கூட்டமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னார். காலையிலிருந்து நின்றவர்கள் பொழுது சாயச் சாய ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் இவர்கள் இரண்டு பேர்தான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பரிமளா தட்டிய தட்டில் மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது. வாய்க்கு வந்ததையும் பேசினாள், அதை மறுப்பதற்கில்லை. போலீஸ் வந்த பிறகும் இரண்டு பேரும் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் லாரி வேறு பக்கம் போக ஆரம்பித்தது. கேஸ் மட்டும் அப்படியே கிடந்தது.

இப்போது மஹீராவுக்கு அவசரம். ஷார்ஜாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. கேஸ் முடியாமல் பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

வக்கீல் கிஷோர் கோர்ட் வராந்தாவிலேயே காத்திருந்தார். "ரெண்டு பேரும் குற்றத்தை ஒத்துக்குங்க. சின்னதா ஒரு அபராதம். கோர்ட் கலையுற வரைக்கும் உள்ளயே உக்காரச் சொல்வாங்க, அதான் தண்டனை. சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்."

"கேஸை நடத்துனா?" என்றாள் பரிமளா.

"ஜெயிக்கலாம், தோக்கலாம். ஆனா இன்னும் இழுக்கும்."

"வாணாம் சார். முடிச்சிடு. என்னால ஆவல."

பெயரைக் கூப்பிட்டபோது மஹீராதான் முதலில் கூண்டருகில் போனாள். நீதிபதியம்மா குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். "ஒத்துக்கிறேம்மா" என்றாள் மஹீரா. முக்காட்டுத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அடுத்தது பரிமளா. சொல்ல வேண்டிய ஒற்றை வார்த்தையை பஸ்ஸிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"போனேம்மா" என்றாள். "சத்தம் போட்டேன். கண்ணாடி போச்சு, அதுவும் நான்தான்."

"அப்போ குற்றத்தை ஒத்துக்கிறீங்க?"

"காலீலேர்ந்து வாசல்ல நின்னோம்மா. அது எங்க ஊரு ஆபீஸ். உள்ள போனத குத்தம்னு எப்டிம்மா சொல்றது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "ஒத்துக்கணும்னு கட்டாயம் கிடையாதும்மா. ஆனா இப்படிப் பாதிப் பாதியா சொன்னா நான் எழுதிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

பரிமளா கிஷோரைப் பார்த்தாள். அவர் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றாள்.

அவள் கேஸைத் தனியாகப் பிரித்து, சாட்சி விசாரணைக்குத் தேதி போட்டார்கள். மஹீராவுக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை உட்காரும் தண்டனையும். பரிமளா அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். போகாமல் கடைசி பெஞ்சில் மஹீராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஹீரா சற்றுத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பஸ்ல பேசிக்கினுதானேக்கா வந்தோம்?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"ஆமாண்டி."

"இப்போ நான் குத்தவாளி, நீ யோக்கியம். மூச்சு இழுத்துக்கினு கெடந்தது என் புள்ள. நானே ஒத்துக்கினேன். உனுக்கு இன்னா வந்துச்சு?"

"வேணும்னா பண்ணேன்? வாயில வரலடி."

பெரிதாக எதையோ சாதித்த மாதிரி கிஷோர் போகிறபோக்கில் தோளைத் தட்டிவிட்டுப் போனது பரிமளாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் நாளையிலிருந்து இந்தப் படியே ஏற வேண்டாம். தன் வாயை நினைத்தால் தனக்கே பேஜாராக இருந்தது.

இவர்களுக்குப் பிறகு ஒரு பைக் திருட்டு வந்தது. அப்புறம் அடிதடி, செக் கேஸ். மத்தியானம் பரிமளா வெளியே போய் சாம்பார் சாதம் பொட்டலம் வாங்கிவந்தாள். முதலில் வேண்டாமென்ற மஹீரா பிறகு பாதி சாப்பிட்டாள். சாப்பிட்டதும் கண் செருகிக்கொண்டு வந்தது அவளுக்கு. பரிமளாவின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். கோர்ட் சிப்பந்தி வந்து, "இங்க தூங்கக் கூடாதும்மா" என்று எழுப்பிவிட்டுப் போனார்.

சாயந்திரம் நீதிபதியம்மா எழுந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மஹீராவின் தண்டனை முடிந்தது.

"அடுத்த வாய்தாவுக்கு நான் கூட வரட்டாக்கா?" என்று படியிறங்கும்போது கேட்டாள்.

"நீ ஊரு போய்ச் சேர்ற வழியப் பாரு."

மழைக்காலம் முடியும் முன்பே மஹீரா ஷார்ஜா போய்விட்டாள். பேத்தியின் படம் போனில் வந்தது. பரிமளா வாய்தாவுக்குத் தனியாகப் போய்வருகிறாள். சாட்சி சொல்ல வேண்டிய அதிகாரி ஓய்வுபெற்று வீடு மாறிவிட்டார், சம்மன் திரும்பி வந்துவிட்டது.

"அவர் வராமலே போனா கேஸ் தானா விழுந்துடும்" என்றார் கிஷோர்.

"எப்ப சார்?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

பரிமளா தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பெயரைக் கூப்பிட நேரமாகும் போலிருந்தது.