சிமெண்டு சேராத சுவர்

நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட சித்தாள் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது, தொழிலாளர் மாலைநேரத் தொழிற்கல்விக் கூடத்துக்கு நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு ஃபீஸ் பாக்கி வைத்திருந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, கூடத்தில் ஒன்பது செங்கல் வரியோடு நின்றிருந்த அவனுடைய பரீட்சைச் சுவர் பத்து வரியாக இருந்தது.

அந்தக் கூடத்தை மில்காரர்களும் துறைமுகத்து ஆட்களும் ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டு, மூடிக்கிடந்த தோல் கிடங்கில் தொடங்கி முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம், தொட்டாலே பென்சிலை உடைத்துவிடுகிற கைகள் என்பதால் பென்சிலை மூட்டையாக வாங்கினார்கள். நாலாம் வருஷம், வேலை முடித்து வந்து உட்கார்ந்தவர்களின் அலுப்பு தாங்காமல் தரை ஒரு சாண் இறங்கியது. தச்சு வகுப்பார் வாசலில் ஒரு படி செய்து வைத்தார்கள், பாடம் நடந்தது. கொத்து வேலைப் பரீட்சைச் சுவருக்குச் சிமெண்டு சேர்க்கக் கூடாது, சுண்ணாம்பும் மணலும்தான். மார்க் போட்டதும் சுவரைப் பிரித்து, செங்கலைச் சுரண்டிக் கழுவி அடுத்தவன் கையில் கொடுப்பார்கள். அதே செங்கலைத்தான் முப்பத்தோரு வருஷமும் கட்டிக் கட்டிப் பிரித்தார்கள்.

நெட்டை இரண்டு வருஷமாகச் செய்தது கொத்தனார் வேலை, வாங்கியது சித்தாள் கூலி. கொத்தனார் கூலி கேட்டதற்கு, கட்டடக் கம்பெனியில் சர்டிபிகேட் எங்கே என்றார்கள், அதனால்தான் வகுப்பில் சேர்ந்தான். இப்போது அவன் பெண்சாதியிடமும் கம்பெனி அதையே கேட்டது. கொத்தனார் செத்தால் நஷ்டஈடு பத்தாயிரம், சித்தாள் செத்தால் நாலாயிரம். அதே கட்டடத்தில் கல் சுமந்துகொண்டிருந்தவள் அவள். சாயங்காலம் நேரே கூடத்துக்கு வந்து, கணக்குப்பிள்ளை மேஜை முன்னால் நின்றாள்.

"சுவரு முடிஞ்சா சர்டிபிகேட் தருவீங்களாண்ணே?"

"சுவரு முடிக்க ஆளு வேணுமேம்மா."

"அதான் தினமும் வர்றாரே."

"வர்றாரு, இல்லேங்கல. இருந்தப்ப வாரத்துல ரெண்டு நாளு டிமிக்கி. இப்பத்தான் ஒழுங்கா வர்றாரு."

"வீட்டுலயும் அப்படித்தான். சொன்ன வேலைய என்னிக்கு உடனே செஞ்சாரு?" என்றவள், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

நாளுக்கு ஒரு வரி. பதினைந்தாம் நாள் இருபத்துநாலு வரியும் முடிந்தது. வாத்தியார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மேல்வரியில் சாந்து தடிமன் என்று ஒன்பது மார்க்கைக் குறைத்து, தொண்ணூற்றொன்று போட்டார். பாக்கியைப் பிறகு பார்க்கலாம் என்று அன்றைய தேதி போட்டுச் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். செத்துப் பதினைந்து நாள் கழித்துப் பாஸானது செல்லாது, சாகும்போது அவன் சித்தாள்தான் என்று நாலாயிரத்தை எண்ணி வைத்தான்.

அந்தப் பணத்திலிருந்து பாக்கியைக் கட்ட அவள் வந்தாள். சுவரைப் பிரிக்கப் போன நாலு பேர் கடப்பாரை வளைந்து திரும்பியிருந்தார்கள். அது இனிக் கூடத்துச் சுவர்தான் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கணக்குப்பிள்ளை பணத்தைத் தள்ளிவிட்டுப் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்: பதினைந்து நாள் வேலை, கூலி பன்னிரண்டரை வீதம், நூற்று எண்பத்தேழரை, ஃபீஸ் பாக்கிக்கு நேர்.

எழுத்துக்கூட்டிப் படித்தவள் நிமிர்ந்தாள். "சித்தாள் கூலியா போட்டிருக்கீங்க?"

"கொத்தனார் கூலின்னா முந்நூறும்மா. நாங்க அவருக்குப் பாக்கிப்பட்டுருவோம். தினமும் வந்து நிப்பாரு."

"நிக்கட்டும். நீங்க கொத்தனார்னு எழுதுங்க."

அவர் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு சித்தாள் என்பதை அடித்து, கொத்தனார் என்று எழுதினார். கூடம் நூற்றுப் பன்னிரண்டரை தர வேண்டியதாயிற்று. பெட்டியில் அவ்வளவு இல்லை, அதனால் மாதாமாதம் அவளிடம் ஏழு தவணையாகக் கொடுத்தார்கள். அந்த ஏழு மாதமும் சுவரின் அடியில் தினமும் சுண்ணாம்புக் கால்தடம் இருந்தது. பெருக்குகிறவள் அதைத் தாண்டிப் பெருக்கினாள். கடைசித் தவணைக்குக் கைநாட்டு வேண்டாமென்று நெட்டையின் பெண்சாதி கையெழுத்தே போட்டாள். மறுநாள் தரை சுத்தமாக இருந்தது. அடுத்த வருஷத்து ஆட்களுக்குப் புதுச் செங்கல் வாங்கினார்கள்.