ஷரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓகே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது. [‘சுட்டது’ என்று போடாதே, ‘கேட்டு வாங்கியது’ என்று போடு என்றாள். கேட்கவே இல்லையே, எப்படிப் போடுவது?] அவள் ஒரு படம் எடுத்தாள். அதை விற்கப் போனாள். போன இடத்தில் நடந்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புலம்பினாள். நான் ஒரு பக்கம் தலையை ஆட்டிக்கொண்டே மறுபக்கம் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் தம்பியாக வாய்த்தால் இப்படித்தான்.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

‘விநியோகஸ்தரின் அறையில் ஏசி உறுமியது. அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்—’

வேண்டாம். அன்றைக்கு அவள் கண்ணில் இருந்தது தூக்கம். இன்னொன்று:

‘சினிமா என்பது ஒரு—’

இதற்கு அந்த ஏசியே தேவலை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

படம் முழுக்க ஒரு லிஃப்டுக்குள் நடக்கிறது. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பிய கணவனும் மனைவியும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி சண்டை போடுகிறார்கள். கடைசியில் வெளியே யாரோ கதவை நெம்பும் சத்தம் கேட்கிறது. திரை இருட்டாகிறது. அவ்வளவுதான் படம். கதவு திறப்பதை அக்கா காட்டவில்லை. இருவரும் சேர்ந்து போனார்களா, தனித்தனியாகப் போனார்களா என்பது பார்க்கிறவர் பாடு.

கணவனாக நடித்தவர் மாமா. அதாவது அக்காவின் வீட்டுக்காரர். அசலில் லிஃப்ட் மெக்கானிக். [இவரைக் கொஞ்சம் சோகமானவராக்கினால் கதைக்குக் கனம் கூடும் என்று பார்த்தேன். மனுஷர் ஒத்துழைக்கவில்லை. எந்நேரமும் சிரித்த முகம்.] அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

எடுத்து முடித்தபின் சீந்துவாரில்லை. “லிஃப்டுக்குள்ள பாட்ட எங்க வைக்கிறது?” என்றார் ஒருவர். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் இந்தக் கதையின் விநியோகஸ்தர்.

3

இவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். முதல் வரைவில் ஒரு தொப்பையும் நாலு மோதிரமும் மாட்டிக்கூடப் பார்த்தேன். அசல் ஆள் ஒல்லி. படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தார். ஓர் இடத்தில் அழுதுவிட்டதாகவும் சொன்னார்.

“எல்லாம் பிரமாதம்மா. கதையில ஏத்தம் மட்டும் எங்கன்னு தெரியல.”

மாமா முந்திக்கொண்டார். “ஏத்தம் எப்படிங்க வரும்? ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குதே!”

அக்கா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

“கதவ மட்டும் திறந்து காட்டிடுங்க. காசு குடுத்து வர்றவங்க மூடின கதவயா பாத்துட்டுப் போவாங்க?”

“திறந்துட்டா அது அவங்க ரெண்டு பேரோட கதை சார். மூடியிருந்தாத்தான் பாக்கறவங்க கதை.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “சரி, ஒப்பந்தத்த அனுப்பறேன். படிச்சுட்டுச் சொல்லுங்க.”

4

இங்கே ஒரு சொல்லுக்கு விளக்கம் தேவை. [அடிக்குறிப்பாகப் போடலாம். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.]

படப்பிடிப்பில் ஒவ்வொரு டேக் முடிந்ததும் அக்கா தாளில் ‘ஓகே’ என்று குறிப்பாள். பிடித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ‘பார்த்தாகிவிட்டது, மேலே போகலாம், வைப்பதா வெட்டுவதா என்பதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தம். நிஜமாகவே பிடித்துப்போனால் நட்சத்திரம் போடுவாள்.

கைப்பழக்கம் விடுமா? ஒப்பந்தத்தையும் அப்படியே படித்தாள். ஷரத்துக்கு ஷரத்து ஓகே. ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. படித்துவிட்டேன், நேரில் பேசலாம் என்கிற எண்ணத்தில் அதை ஸ்கேன் செய்து அனுப்பியும் வைத்துவிட்டாள்.

மறுநாள் அந்த அலுவலகத்திலிருந்து போன். “மேடம், எல்லாத்துக்கும் ஓகே சொல்லிட்டீங்க! சாருக்கு ஒரே சந்தோஷம். போஸ்டர் அடிக்கக் குடுத்தாச்சு.”

பிறகுதான் நாங்கள் மூவரும் நிதானமாகப் படித்தோம். இரண்டு ஷரத்துகளில் வில்லங்கம் இருந்தது. ஒன்று: படத்தின் முடிவை மாற்றும் உரிமை விநியோகஸ்தருக்கு. இன்னொன்று: படம் உருவான விதத்தைப் பற்றி இயக்குநரோ குடும்பத்தாரோ எழுதும் எல்லாமே, முடிவை மாற்றும் உரிமை உட்பட, அவருக்கே சொந்தம்.

“ரெண்டாவத முதல்ல அடிக்கச் சொல்லுக்கா,” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்டா, என் படம் போறது பெரிசில்ல, நீ எழுதப்போற நாலு பக்கம் போறதுதான் பெரிசா?”

“சேச்சே, அப்படி இல்ல—”

[அப்படித்தான்.]

5

அடுத்த சந்திப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆகவே கற்பனை செய்துகொண்டேன்.

அக்கா ஒப்பந்தத்தைக் கிழித்து அவர் முகத்தில்— [இல்லை. பரிசுப் பொருள் சுற்றி வந்த தாளையே மடித்துப் பத்திரப்படுத்துகிறவள் அவள்.]

அக்கா விம்மி விம்மி— [உதைப்பாள்.]

நடந்ததை மாமாதான் வந்து சொன்னார். அக்கா ஓகேவுக்கு அர்த்தத்தை விளக்கினாளாம். விநியோகஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. நீங்களும் ஏதாவது ஒண்ணு விட்டுக்குடுக்கணும் இல்லையா?”

“குடுக்கறேன் சார். முடிவ மாத்தற ஷரத்த அடிங்க. கதவு மூடியேதான் இருக்கும். அதுக்கு பதிலா என் தம்பி எழுதற கதைய நீங்களே வெச்சுக்குங்க.”

“அவர் ஒத்துக்குவாரா?”

“என்னக் கேட்டுக்கிட்டா அவன் எழுதறான்?”

கதவு மூடிய படத்துக்குப் பல அரங்குகள் தர முடியாது என்றார். ஒரே அரங்கு, ஞாயிறு காலைக் காட்சி. ஜனங்களுக்குப் பிடித்தால் மேற்கொண்டு பார்க்கலாம். இல்லையென்றால் அன்றோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். “இங்க ஒரு கையெழுத்து போடு.” எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கெஞ்சத் தெரியாதவள் கெஞ்சுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்றால் எனக்கு உயிர். போட்டுக் கொடுத்தேன்.

6

ஞாயிறு காலை. அரங்கில் பாதி இருக்கைகள் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விநியோகஸ்தர் உட்காராமல் கடைசி வரிசைக்குப் பின்னால் கை கட்டி நின்றார்.

படம் ஓடியது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாத ஓர் இடத்திலும் சிரித்தார்கள். கடைசியில் கதவை நெம்பும் சத்தம். திரை இருட்டானது. அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. யாரும் அசையவில்லை. அப்போது நடு வரிசையிலிருந்து ஒருவர்—

இதற்கு மேல் எழுதமாட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் எழுதினால் அது விநியோகஸ்தருடையதாகிவிடும். நாளைக்கே வேறு மாதிரி மாற்றினாலும் கேட்க முடியாது. எழுதாததை மாற்ற அவருக்கு உரிமை இல்லை.

அந்த நடு வரிசையில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வந்திருக்கிறீர்கள். கதவைத் திறந்து காட்டவில்லை. விளக்கு இன்னும் போடவில்லை. எழுந்து போகலாம், கை தட்டலாம், சும்மாவும் இருக்கலாம்.

அக்கா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.