தண்ணி வந்துடுத்து

எங்கள் முதலாளி கல்யாணராமன் வேளச்சேரியில் ஏரி இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்டி விற்றவர். அந்தத் தைரியத்தில் டெல்டாப் பக்கம் ஒரு பழைய எண்ணெய் வயலையும் மலிவாக வாங்கிப் போட்டார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கியதைப் பார்க்கலாமே! பார்க்கவில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் எண்ணெயைத் தள்ளுவதற்காகப் பூமிக்குள் தண்ணீரை இறக்கி இறக்கி, கடைசியில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர்தான் மேலே வந்தது.

அதைச் சரிசெய்ய எங்கள் தி.நகர் ஆபீசுக்கு வந்தவர் இன்ஜினியர் பரத்வாஜ்.

"ரசம் மாதிரிதான் சார். கொஞ்ச நாள் மூடி வெச்சா தண்ணி அடியில தங்கும், எண்ணெய் மேல தெளியும். கிணத்துக் குழாயோட கீழ் ஓட்டையெல்லாம் சிமெண்ட் போட்டு அடைச்சுட்டு மேலேர்ந்து மெதுவா எடுக்கணும். அவசரப்பட்டுக் கரண்டியை விட்டா மண்டிதான்."

"ஒரே ஒரு கிணறு தரேன். வரலேன்னா வயலையும் மூடிடுவேன், நீரும் கிளம்பலாம்" என்றார் முதலாளி. கிணறு மூடிக் கிடந்த மாதங்களில் பரத்வாஜ் பாதியாக இளைத்துப் போனார். பக்கத்து நாற்காலியில் பாறை மாதிரிகளைப் பார்க்கிற நானும் அவரோடு சேர்ந்து நாள் எண்ணினேன்.

திறந்த அன்று வயலிலிருந்து, சென்னையிலிருந்து போயிருந்த வால்வு ஆபரேட்டர் பிரபு ஆபீஸ் ஃபோனில் கத்தினான். "சார், எண்ணெ வந்துக்கினு கீது சார்!"

பரத்வாஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கால்வாசிக்கு மேல தொறக்காதப்பா. தண்ணி எட்டிப் பார்த்தா உடனே கூப்பிடு." சொல்லிவிட்டு, வேண்டுதலைத் தீர்க்க வடபழனிக்கு ஓடினார். செல்லுக்கே கூப்பிடு என்று சொல்ல மறந்தார்.

முதலாளிக்கு அன்று வேறு கவலை. மயிலாப்பூரில் அவர் வீட்டுக் குழாயில் சில நாளாக வெறும் காற்றுதான். ஃப்ளாட் வாங்கியவர்களுக்குப் பயந்து செல்லை அணைத்தே வைத்திருப்பவர் ஆதலால், தண்ணீர் வந்தால் ஆபீசுக்குக் கூப்பிடும்படி வாட்ச்மேன் கோதண்டபாணியிடம் சொல்லிவிட்டு ஃபோனருகே தவம் கிடந்தார்.

ஃபோன் அடித்தது. அவர் குரல் மட்டும் என் காதில் விழுந்தது. "வந்துடுத்தா? பேஷ்! வால்வை முழுசா தொறந்து விடு! நன்னா வரட்டும்!"

வாட்ச்மேன்தான் என்று நானும் நினைத்தேன்.

பரத்வாஜ் நெற்றி நிறைய விபூதியுடன் வந்து வயலுக்கு ஃபோன் போட்டார். "'தண்ணி வர்ற மாதிரி கீது சார், வால்வ இன்னா பண்றது'ன்னு கேட்டேன். மொதலாளிதான் ஃபுல்லா தொறக்க சொன்னாரு. இப்ப வெறும் தண்ணிதான் சார். எண்ணெ வாசனகூட இல்ல" என்றான் பிரபு. பரத்வாஜ் பிரசாதப் பொட்டலத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

முதலாளிக்குக் கோபம்தான் வந்தது. "தண்ணி வந்துடுத்துன்னா மனுஷன் சந்தோஷப்படணுமா, துக்கப்படணுமா? மொதல்லயே சொல்றதில்லையா? போறும் ஓய், வயலை மூடுங்கோ. நீரும் நாளைலேர்ந்து வர வேண்டாம்."

மறுபடி ஃபோன் அடித்தது. நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தண்ணி வந்துடிச்சி சார்!"

"மூடு! உடனே மூடுடா! ஒரு சொட்டு வரப்படாது!" என்று கத்திவிட்டு, பாடம் கற்றுக்கொண்டவரின் பெருமையோடு எங்களைப் பார்த்தார்.

அது கோதண்டபாணியின் குரல். எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.