கிருபனின் வலக் கன்னம்

"அம்மா, படத்தை இப்பிடியே வைச்சு நெய்தால் முகம் இடம்வலம் மாறிப்போகும்" என்று சுமித்திரா படித்துப் படித்துச் சொன்னாள். அன்னபாக்கியத்தின் காதில் ஏறினால்தானே!

ஜெயபுரத்துப் பெண்களுக்குச் சித்திரக் கம்பளம் நெய்யப் பழக்குகிற சுமித்திரா, அந்தத் தொழிலைப் பிரான்சில் இரண்டு வருடம் படித்தவள். அங்கே ராசாக்களின் தறிகளில் படத்தை, இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குக் கீழே வைத்து, பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார்களாம். அறுத்தெடுத்துத் திருப்பினால்தான் முன்பக்கம் தெரியும். "படத்தை முதலே மாத்திக் கீறாமல் விட்டால், ராசாவின்ர வீரர் எல்லாம் இடக்கையால வாள் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்" என்று அவள் சொன்னபோது மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. அவளுடைய மகன் கிருபன் பதினாறு வருடத்துக்கு முன், பத்தொன்பது வயதில், கடைசிப் போரில் மாத்தளனில் காணாமல் போனவன். அவனைப் பாரிசில் ஒரு கடையில் கண்டதாக எவனோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். சொன்ன பாவி பிறகு இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இப்போது கிருபனின் முகத்தை வைத்து அவள் நெய்கிற இந்தக் கம்பளம் பாரிசுக்குக் கண்காட்சிக்குப் போகிறது. மகனோ, அவனை அறிந்த யாரோ கண்டால் போதும். வலக் கன்னத்தில் ஷெல் துண்டு கீறிய தழும்பு இருக்கிறது, அடையாளம் பிடித்துவிடுவார்கள்.

சுமித்திரா மாற்றி அச்சடித்துத் தந்த படத்தில் அந்தத் தழும்பு இடக் கன்னத்தில் கிடந்தது. அன்னபாக்கியம் அதைத் தள்ளி வைத்தாள். அது யாரோ பெற்ற பிள்ளை. ஒருவருக்கும் சொல்லாமல், மாற்றாத படத்தையே தறிக்குக் கீழே வைத்தாள். கிருபனை நேரில் காணாத சுமித்திராவுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

எட்டு மாதம் நெய்தாள். அறுத்தெடுத்துத் திருப்பியபோது தழும்பு இடக் கன்னத்தில் இருந்தது.

"ஐயோ, என்ர கையாலயே..." என்று கதிரையில் விழுந்தாள். செய்ததை அழுதழுது சொன்னாள்.

சுமித்திரா அவள் தோளைப் பிடித்தாள். "அங்க பாக்கிற சனத்துக்கு ஒண்டும் தெரியாது, அம்மா. விடுங்கோ."

"சனத்தை விடு பிள்ளை. அவன் கண்டால், பெத்தவளே மறந்துபோனா எண்டெல்லோ நினைப்பான்!"

கம்பளத்தை ஏற்ற வந்த வான் வாசலில் நின்றது. அன்னபாக்கியம் எழுந்து, கம்பளத்தைத் திரும்பவும் புரட்டிப் போட்டாள். பின்பக்கத்தில் தழும்பு வலக் கன்னத்தில்தான் இருந்தது. முகம் முழுக்க வெட்டாத நூல் நுனிகள் தொங்கின.

"இந்தப் பக்கத்தைக் காட்டி அங்க சுவரில கொழுவச் சொல்லு."

"முகமே தெரியேல்லையே அம்மா, நூல் மறைக்குது."

"இப்ப முப்பத்தஞ்சு வயசெல்லோ அவனுக்கு. தாடி வளந்திருக்கும்."