கீதன் தண்ணீர் ஊற்றாத மாதங்கள்

மகன் கீதனுக்குக் கலியாணமாகி நாலு வருடமாகியும், மருமகள் நிலாணியிடம் "ஏதும் விசேஷமோ?" என்று குணவதி ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ ஒரு அன்ரி அதைக் கேட்டுவிட, வீடு வந்து சேரும்வரை நிலாணி காருக்குள் அழுதுகொண்டே இருந்தாள். அன்றே குணவதி வாயைக் கட்டிக்கொண்டாள். கண்ணைத்தான் கட்ட முடியவில்லை.

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மல்வேர்ன் வீட்டின் முன்னறையில், பெரிய சாடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தொட்டால் அது பட்டுப்போகும் என்பது குணவதி வளர்ந்த வீட்டு வழக்கம். நிலாணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாமிக்காக விலகி நிற்பாள். அந்த நாட்களில் கீதன்தான் தண்ணீர் ஊற்றுவான். மகன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தால், இந்த மாதமும் இல்லை என்று குணவதிக்கு விளங்கிவிடும்.

பனி தொடங்கிய பிறகு கீதன் சாடிப் பக்கமே வரவில்லை. கார்த்திகை போனது. மார்கழியும் போனது.

குணவதிக்குத் தலைகால் புரியவில்லை. பப்பாசிப்பழம் வாங்குவதை நிறுத்தினாள். நிலாணி உடுப்புக் கூடையைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பறித்தாள்.

"நான் என்ன மாமி, கண்ணாடியோ உடையிறதுக்கு?" என்று நிலாணி சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணியை நீட்டியபடி குணவதி மெல்லத் தொடங்கினாள். "றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்ட ஒருக்காப் போவம் பிள்ளை. உன்ர பேரில ஒரு அர்ச்சனை."

"என்னத்துக்கு மாமி?"

"நீயாச் சொல்லட்டும் எண்டுதான் பொறுத்திருந்தனான். கீதன் மரத்துக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு மாசமாச்செல்லே."

நிலாணிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமி, குளிருக்கு அது வளராது. மண் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் ஊத்தவேணும், இல்லாட்டி வேர் அழுகிப்போம். எப்பவாவது ஒருக்கா நானே ஊத்திறன். அதுதான் அவருக்கு வேலையில்லை." குரல் உடைந்தது. "இண்டைக்கும் எனக்கு வந்திட்டுது."

அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

குணவதி மரத்தின் முன்னால் போய் இருந்தாள். போன குளிருக்குத் தானே நாள் தவறாமல் ஊற்றி ஊற்றி, வெறும் தடியாக்கிய மரம். இம்முறை செடி வளரவென்று நிலாணி பொருத்திய லைற்றின் கீழ் பச்சையாக நின்றது. கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாளே! வேவு பார்த்ததுதான் கேட்டதைவிட மோசம். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. கை தன்பாட்டில் ஒரு இலையைத் திருப்பியது. அடியில் சிலந்தி வலைபோல மெல்லிய நூல். புள்ளி புள்ளியாகப் பூச்சி.

ஒரு கிண்ணத்தில் சவர்க்காரத் தண்ணீரும் இரண்டு துணியும் எடுத்து வந்தாள்.

"பிள்ளை, கீழ வா! ஹீற்றர் சூட்டுக்கு இலையெல்லாம் பூச்சி."

நிலாணி பாதிப் படியில் நின்றாள். "இண்டைக்கு நான் தொடக்கூடாதெல்லே மாமி."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

"ஓம், நான்தான். இப்ப நான்தான் தொடச் சொல்லுறன். இனி இந்த வீட்டில ஒருத்தரும் உன்ர நாளைப் பாக்கத் தேவையில்லை. முதல்ல நான்."

"மரம் பட்டுப்போனா?"

"போனாப் போகட்டும். வேற ஒண்டு வாங்குவம். வா, மேல்கொப்பு எனக்கு எட்டாது."

நிலாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கிண்ணத்துக்குள் விரலை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"கொதிக்குது மாமி! பூச்சியோட இலையும் அவிஞ்சுபோம்."

"அப்ப நீயே கலந்து தா," என்று குணவதி கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள்.